இருநூறு மெகாபிட் இருந்தும் பிங் எகிறிய வீடு

திருச்சியில் எங்கள் வீடு கீழ்த்தளமும் மேல்தளமுமாக இரண்டு அடுக்கு கொண்டது. ஃபைபர் கம்பி வந்து முடியும் வெள்ளைப் பெட்டி கீழ்க்கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்கிறது. நான் கீழறையில் வேலை செய்கிறேன். பொறியியல் படிப்பதற்காக எங்களுடன் தங்கியிருக்கும் அக்கா மகன் மேலறையில் இருக்கிறான். காவிரிப் பாசனப் பகுதிகளின் செயற்கைக்கோள் படங்களைத் தரவிறக்கி வரைபடமாக்குவது என் தொழில். சென்டினல்-2 செயற்கைக்கோளின் ஒரு படத்துண்டு, அதாவது ஏறத்தாழ 110 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுர நிலம், பல நூறு மெகாபைட்டிலிருந்து ஒரு கிகாபைட்வரை எடையுள்ளது. ஒரு பருவத்துக்கான தொகுப்பை இறக்கும் நாளில் நாற்பது, ஐம்பது கிகாபைட் ஓடிவிடும். அவனுடைய மாலைப்பொழுது கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாட்டுக்கு உரியது. நான் இறக்கத் தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் அவன் விளையாட்டு திணறி, மேலிருந்து, "மாமா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று குரல் வந்துவிடும்.

எங்கள் இணைப்பின் வேகம் இறங்கவும் ஏறவும் விநாடிக்கு 200 மெகாபிட். அவன் விளையாடும் விளையாட்டு ஓரிரு மெகாபிட்டைத் தாண்டுவதில்லை. அப்படியிருக்க இருவருக்கும் ஏன் போதவில்லை என்ற கேள்விக்கு, ரவுட்டர் பழையது என்பதே எங்கள் முதல் விடையாக இருந்தது. கடையில் பார்த்த 'கேமிங்' ரவுட்டர் ஒன்று, சிலந்தியைக் கவிழ்த்து வைத்தாற்போல எட்டு ஆன்டெனாக்களும் சிவப்பு விளக்குகளுமாக, பதினெட்டாயிரம் ரூபாய் விலையில் இருந்தது. அவனுக்கு அதன்மேல் கண். எனக்கு, நோய் எதுவென்று தெரியாமல் மருந்து வாங்க மனம் வரவில்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமையை அளப்பதற்கென ஒதுக்கினோம்.

அளந்த முறை எளியது. யாரும் தங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். அவனுடைய மடிக்கணினியில் மூன்று கட்டளைச் சாளரங்களைத் திறந்து, மூன்று இடங்களுக்கு நிற்காமல் பிங் ஓடவிட்டோம். ஒரு சிறு செய்தியை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று அளக்கும் கட்டளை அது. ஒன்று வீட்டு ரவுட்டரின் முகவரியான 192.168.1.1, இரண்டாவது, தடம் பார்க்கும் கட்டளையில் ரவுட்டருக்கு அடுத்து வரும் சேவை நிறுவனத்தின் முதல் முகவரி, மூன்றாவது வெளியுலகத்தில் எப்போதும் பதில் சொல்லும் 1.1.1.1. வீட்டுக்குள்ளிருக்கும் கம்பியில்லாத் தொலைவு, வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலுள்ள கம்பி, அதற்கு அப்பாலுள்ள நெடுவழி ஆகிய மூன்றில் தாமதம் எங்கே பிறக்கிறது என்பதை இம்மூன்று எண்களின் வேறுபாடே காட்டிக்கொடுத்துவிடும்.

வீடு சும்மா இருந்தபோது மூன்றாவது சாளரம் 14 மில்லி விநாடி காட்டியது. நான் படத் தொகுப்பை இறக்கத் தொடங்கியதும் முதல் சாளரம் 3-இலிருந்து 20, 40 என்று துள்ளியது. இரண்டாவதும் மூன்றாவதும் 300-க்குத் தாவி அங்கேயே நின்றன. முடிந்த வரைபடக் கோப்பொன்றை வாடிக்கையாளருக்கு ஏற்றியபோது 500-ஐயும் தாண்டியது. மடிக்கணினியைக் கம்பி மூலம் நேரடியாகப் பெட்டியில் செருகிப் பார்த்தேன். முதல் சாளரம் ஒரு மில்லி விநாடிக்குள் அடங்கியது, மற்ற இரண்டும் பழையபடி 300-இல்தான் இருந்தன. ஆக, குற்றம் இரண்டு. கம்பியில்லாத் தொலைவில் ஒரு சிறு குற்றம். வீட்டிலிருந்து வெளியேறும் வாயிலில் ஒரு பெருங்குற்றம். நெடுவழியில் குறையில்லை, அந்த விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்குச் சென்னையிலும் மும்பையிலும் சர்வர்கள் இருப்பதால் திருச்சிக்காரர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள். எட்டு ஆன்டெனா தீர்த்திருக்கக் கூடியது அந்தச் சிறு குற்றத்தை மட்டுமே.

பெருங்குற்றத்தின் தன்மையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். விநாடிக்கு 200 மெகாபிட் ஓடும் கம்பியில் 300 மில்லி விநாடி காத்திருப்பு என்றால், எங்கோ ஓரிடத்தில் 60 மெகாபிட், அதாவது ஏழரை மெகாபைட் தரவு வரிசையில் நிற்கிறது. தரவு துண்டு துண்டாகவே போகும்; பாக்கெட் எனப்படும் அத்துண்டு ஒன்று 1500 பைட் என்று வைத்தால் அது ஐயாயிரம் பாக்கெட். காந்தி சந்தையின் வாயிலில் ஐயாயிரம் லாரிகள் நிற்க, கடைசியில் ஒரு கைப்பையோடு சைக்கிளில் வந்தவரும் முறைக்காகக் காத்திருப்பதுபோல, அவனுடைய சிறிய பாக்கெட் என் படங்களுக்குப் பின்னால் நின்றிருக்கிறது. சாலையை அகலப்படுத்தினால் லாரிகள் இன்னும் வேகமாக வந்து சேரும். வரிசை வாயிலில் மறுபடி வளரும். 200-ஐ 400 ஆக்கும்படி சேவை நிறுவனத்தின் ஆள் சொன்ன யோசனையை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் தம் வீட்டிலிருந்து ஒரு பெரிய கோப்பை நகலெடுத்தபோது தாமதம் ஒரு விநாடியைத் தாண்டுவதைக் கண்டு, அதற்குப் 'பஃபர்புளோட்' என்று பெயரிட்டார். நினைவகம் மலிவானதால் கருவிகளுக்குள் வரிசைகளை அளவுக்கு மீறி நீளமாக்கிவிட்டார்கள் என்பது அவர் கண்டறிந்தது. பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பார்த்து வரிசையைக் குறைக்கும் 'கோடெல்' முறையைக் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு தொடர்புக்கும் தனி வரிசை கொடுக்கும் அதன் வளர்ச்சி 2018-இல் இணைய நெறிமுறைகளுக்கான ஆர்எஃப்சி வரிசையில் 8290-ஆம் ஆவணமாயிற்று; அதே ஆண்டில் 'கேக்' என்னும் இன்னும் செம்மையான முறை லினக்ஸ் இயங்குதளக் கருவின் 4.19 பதிப்போடு சேர்ந்தது. மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. அதை ஓட்டத் தெரிந்த, ஓட்டும் வலிமையுள்ள ரவுட்டரைத் தேடுவதே எனக்கு மிஞ்சிய வேலை.

ஆனால் கடைப் பெட்டிகளின்மேல் அந்தச் செய்தி இருப்பதில்லை. இருப்பவை ஏசி1200, ஏஎக்ஸ்1800, ஏஎக்ஸ்3000 போன்ற எண்கள். ஏஎக்ஸ்3000 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402 மெகாபிட் ஆகிய இரண்டையும் கூட்டி, முழு ஆயிரமாகத் திருத்திப் போட்டது. ஒரு கருவி ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் பேசுகிறது என்பதால் அந்தக் கூட்டல், இரண்டு பேருந்துகளின் வேகத்தைக் கூட்டி ஊருக்கு விரைவில் போய்விடலாம் என்பதைப் போன்றது. அந்த 2402-உம் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொண்டால் மட்டுமே கிடைக்கும். கீழ்ப்பகுதியில் அவ்வளவு அகலம் வேண்டுமென்றால் 36 முதல் 64 வரையிலான அலைவரிசைகளை மொத்தமாக எடுக்க வேண்டும். அவற்றில் 52 முதல் 64 வரையிலானவை ரேடாருடன் பங்கிடப்பட்டவை. ரவுட்டர் அங்கே குடியேறுமுன் ஒரு நிமிடம் செவிமடுத்துக் காத்திருக்க வேண்டும், ரேடார் ஒலித்தால் உடனே இடம்பெயர வேண்டும். விளையாட்டின் நடுவில் இப்படி இடம்பெயர்ந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் கிடைக்கும் 1201 என்ற இணைப்பு வேகமே 200 மெகாபிட் இணைப்புக்குப் பல மடங்கு மிகுதி.

பெட்டியின் முகப்பில் இல்லாமல் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும் செய்திகளே எனக்கு உதவின. முதலாவது, கம்பித் துளைகளின் வேகம். ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்குக் கிடைக்கும் பல ஏசி1200 ரவுட்டர்களின் துளைகள் விநாடிக்கு 100 மெகாபிட் மட்டுமே. கம்பியில்லாமல் 867 என்று பெருமை பேசினாலும் வெளியிலிருந்து வருவது 94-இல் நின்றுவிடும். இரண்டாவது, வன்பொருள் பதிப்பு எண். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 என்ற ஒரே பெயரில் 2-ஆம் பதிப்பு குவால்காம் சில்லோடும், 3-ஆம் பதிப்பு மீடியாடெக் எம்டி7621 சில்லோடும் வந்தன. பெயரை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு எது கையில் வரும் என்பது அடியிலுள்ள ஒட்டுத்தாளைப் பார்த்தால்தான் தெரியும். ஓபன்டபிள்யூஆர்டி என்னும் திறந்த மென்பொருளை ஏற்றும் எண்ணம் உள்ளவருக்கு இது உயிர்நிலையான செய்தி. அதன் ஆதரவுப் பட்டியல் மாடலோடு பதிப்பு எண்ணையும் சேர்த்தே பேசுகிறது.

வாங்குமுன் நண்பரொருவரிடமிருந்து எம்டி7621 சில்லுள்ள பழைய ரவுட்டரை ஒரு வாரம் இரவல் வாங்கி, அதில் ஓபன்டபிள்யூஆர்டி ஏற்றிக் கேக் முறையை இயக்கிப் பார்த்தேன். முதல் நாள் மாலை முழுவதும் வீணாயிற்று. அமைப்புகள் எல்லாம் சரியாக இருந்தும் பிங் 300-இலேயே நின்றது. பாக்கெட்டுகளைச் செயலியைத் தொடாமல் குறுக்குவழியில் அனுப்பும் வன்பொருள் வசதி இயங்கிக்கொண்டிருந்ததும், குறுக்குவழியில் போவது எதுவும் கேக்கின் கண்ணில் படாததும் இரவு பத்து மணிக்குத்தான் உறைத்தன. அதை நிறுத்தியவுடன் பிங் 20-க்கு இறங்கியது. மேலிருந்து குரல் வரவில்லை. ஆனால் என் பதிவிறக்கம் 140 மெகாபிட்டைத் தாண்டவில்லை, செயலி நூறு விழுக்காட்டில் மூச்சு வாங்கியது. 880 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரட்டைக் கருச் செயலிக்கு ஒவ்வொரு பாக்கெட்டையும் எண்ணி வரிசைப்படுத்துவது சுமைதான். குறுக்குவழி இருக்கும்வரை பலவீனமான செயலியும் 900 மெகாபிட் காட்டும். வரிசையை ஒழுங்கு செய்யச் சொன்னால்தான் அதன் உண்மையான வலு வெளியே வரும்.

எனவே கடைசியில் வாங்கியது மீடியாடெக்கின் ஃபிலாஜிக் 820 வகைச் சில்லுள்ள ஒரு ஏஎக்ஸ்3000 ரவுட்டர். 1.3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு கார்டெக்ஸ்-ஏ53 கருக்கள், 256 மெகாபைட் நினைவகம், கிகாபிட் துளைகள், விலை ஐந்தாயிரத்துக்குள். விளக்கு ஒன்றே ஒன்று, அதுவும் வெள்ளை. அக்கா மகன் முகம் சுளித்தான்.

புது மென்பொருளை ஏற்றும்போது இரண்டு விதிகளைக் கடைப்பிடித்தேன்: கம்பியில் இணைத்த கணினியிலிருந்து மட்டுமே ஏற்றுவது, ரவுட்டரையும் கணினியையும் இன்வெர்ட்டர் வரும் பிளக்கில் மட்டுமே செருகுவது. பாதி எழுதும்போது மின்சாரம் போனால் ரவுட்டர் செங்கல்லாகிவிடும்.

அடுத்தது வெள்ளைப் பெட்டி. அது தானே ரவுட்டராகவும் வேலை செய்வதால், அதன் பின்னால் இன்னொரு ரவுட்டரை வைத்தால் முகவரி மாற்றம் இரண்டு முறை நடக்கும். சேவை நிறுவனத்தை அழைத்து, தரவை அப்படியே கடத்திவிடுவதோடு நிற்கும் 'பிரிட்ஜ்' நிலைக்கு அதை மாற்றும்படி கேட்டேன். மூன்று அழைப்புகளுக்குப் பிறகு வந்த இளைஞர் ஐந்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டு, நிறுவனத்தின் வலையில் உள்நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். புது ரவுட்டர் தானே தொடர்பு கொண்டதும் அதற்குக் கிடைத்த முகவரி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள், நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்டவை. இப்படிப்பட்ட இணைப்பில் நண்பர்களுக்காக வீட்டிலேயே விளையாட்டுச் சர்வர் நடத்த முடியாது; எத்தனை ஆயிரம் கொடுத்து ரவுட்டர் வாங்கினாலும், வெளியார் உள்ளே வருவதற்கு அதில் எத்தனை 'போர்ட்' திறந்தாலும் பயனில்லை. மாதக் கட்டணத்தோடு நிலையான முகவரி வாங்க வேண்டும், அல்லது இருபுறமும் ஐபிவி6 என்னும் புது முகவரி முறை இருக்க வேண்டும். மற்ற ஆட்டக்காரர்களோடு நேராக இணைய முடியவில்லை என்று விளையாட்டுகள் காட்டும் 'நாட் டைப்' குறையைச் சரிசெய்ய ரவுட்டர் மாற்ற நினைப்பவர்கள் முதலில் இந்த முகவரியைப் பார்த்துவிடுவது நல்லது.

கேக் அமைப்பில் முக்கியமான எண் ஒன்றுதான்: வேகம். வெளியிலிருந்து இறங்கும் தரவின் வரிசை நம் வீட்டில் நிற்பதில்லை, நிறுவனத்தின் பக்கத்தில் நிற்கிறது. கம்பியின் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக நம் ரவுட்டரைப் பிடிக்கச் சொன்னால் வரிசை நம் பக்கம் வந்துவிடும். வந்தபின் அதை நாம் ஆளலாம். நான் இரு திசைக்கும் 185 வைத்தேன். கூடவே, தொடர்புகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் கருவிக்குக் கருவி சமமாகப் பங்கிடும்படி அமைத்தேன். இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் எட்டுக் கோப்புகளை இழுக்கும் என் கணினி எட்டுப் பங்கு கேட்கும். ஒவ்வொரு பாக்கெட்டோடும் சேரும் கூடுதல் சுமையை ('ஓவர்ஹெட்') 44 பைட் என்று போட்டேன். செயலி நாற்பது விழுக்காட்டுக்குமேல் ஏறவில்லை. இறக்கும்போது பிங் 17, ஏற்றும்போது 19. பதினைந்து மெகாபிட்டை இழந்தது என் படங்களுக்கு உறைக்கவே இல்லை.

பெருங்குற்றம் தீர்ந்தபின் சிறு குற்றம் தெளிவாகக் கண்ணில் பட்டது. ரவுட்டருக்கும் மேலறைக்கும் நடுவே கான்கிரீட் தளம் ஒன்றும், எங்கள் அம்மா காலத்து இரும்புப் பீரோ ஒன்றும் இருந்தன. பீரோவின் நேர் நிழலில்தான் அவனுடைய மேசை. ரவுட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்து எடுத்து மாடிப்படிச் சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டியதிலேயே துள்ளல் பாதி குறைந்தது. 5 கிகாஹெர்ட்ஸில் 149-ஆம் அலைவரிசையை 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நிலையாக வைத்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து வீடுகள் பதினேழு தெரிந்ததால் அதை விளக்குகளுக்கும் பழைய கைபேசிகளுக்கும் விட்டுவிட்டேன்.

எனினும் விளையாடும் கணினிக்குக் கம்பிக்கு ஈடு கிடையாது என்பது என் முடிவு. தொலைபேசிக் கம்பிக்காக வீடு கட்டியபோது பதித்த பழைய குழாய் ஒன்று மேலறைவரை சென்றது. மின்கம்பி ஓடும் குழாயில் இதை நுழைக்கக் கூடாது என்பதால் அதுவே வழியாயிற்று. பழைய தொலைபேசிக் கம்பியின் நுனியில் புதுக் கேபிளைக் கட்டி, ஒருவர் மேலிருந்து இழுக்க ஒருவர் கீழிருந்து தள்ள, அரை மணி நேரத்தில் கேபிள் ஏறிவிட்டது. கேட்-6 வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்கினேன். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய மலிவான கேபிள் குழாய் வளைவுகளில் இழுக்கும்போது எளிதில் ஒடியும்.

முனையை நானே கிரிம்ப் செய்தேன்; வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பிங் அருமையாக இருந்தது, அவன் மகிழ்ந்தான். இரண்டு நாள் கழித்து அறுபது கிகாபைட் விளையாட்டுப் புதுப்பிப்பு ஒன்றை இறக்கும்போது வேகம் 94-இல் நிற்பதாகச் சொன்னான். 94 என்ற எண்ணைக் கண்டவுடனேயே ரவுட்டரைச் சந்தேகிக்காமல் முனையைச் சந்தேகிக்கலாம்: நூறு மெகாபிட் இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு இழைகள் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஏதேனும் ஓர் இழை பிடிக்காவிட்டால் இரு முனைகளும் பேசி நூறுக்கு இறங்கி, வெளியே எதுவும் நடக்காததுபோல் ஓடும். வெட்டிப் பார்த்தபோது கடைசிப் பழுப்பு இழை முனையின் அடிவரை போகவில்லை. புது முனை போட்டதும் 185 வந்தது.

ஒரு மாதம் அமைதியாகக் கழிந்தபின் இரவு எட்டரை மணிவாக்கில் பிங் மறுபடி 120, 150 என்று ஏறத் தொடங்கியது. ஆனால் காலையில் எல்லாம் சரியாக இருந்தது. ஒரு வாரம் மணிக்கொரு முறை வேகத்தை அளந்து குறித்ததில், இரவு எட்டு முதல் பத்தரை வரை கம்பியின் உண்மையான வேகமே 160 வரை தளர்வது தெரிந்தது. ஜிபான் வகை ஃபைபரில் இறங்குதிசைக்கு உள்ள 2.488 கிகாபிட்டைத் தெருவின் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. எல்லாரும் ஒரே நேரத்தில் படம் பார்த்தால் பங்கு சுருங்கும். கம்பி 160-க்குத் தளர்ந்த வேளையில் நான் வைத்த 185 என்ற கட்டுப்பாடு கட்டுப்பாடே அன்று. வரிசை மீண்டும் நிறுவனத்தின் பக்கத்துக்கே போய்விடுகிறது.

வேகத்தைத் தானே உணர்ந்து மாற்றும் நிரல்கள் ஓபன்டபிள்யூஆர்டியில் கிடைக்கின்றன. என் வீட்டில் தளர்ச்சி கடிகாரம் வைத்தாற்போல வருவதால் அவ்வளவு நுட்பம் தேவைப்படவில்லை. மாலை ஏழு மணிக்கு 145-க்கு இறக்கவும், பதினொரு மணிக்கு 185-க்கு ஏற்றவும் ரவுட்டரின் கால அட்டவணையில் இரண்டு வரிகள் எழுதினேன். அதன்பின் இரவிலும் பிங் இருபதுக்குமேல் போகவில்லை. பருவத் தொகுப்புகளை இப்போது பதினொரு மணிக்குமேல் தொடங்கிவிட்டுத் தூங்கப் போகிறேன்.